கிடங்கும் லாரியும் சந்திக்கும் விளிம்பு

கிடங்கின் தரை நகராது. லாரியின் தளமோ ஒரு நிலையில் நிற்பதே இல்லை. வண்டிக்கு வண்டி அதன் உயரம் மாறுகிறது. ஒரே வண்டியிலும் பாரம் ஏற ஏற ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கித் தளம் தாழ்கிறது, இறக்க இறக்க எழுகிறது. ஃபோர்க்லிஃப்ட் உள்ளே நுழையும்போது சட்டென்று இறங்கி, அது வெளியே வந்ததும் மறுபடி உயர்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் சில அங்குல இடைவெளியைச் சரக்கு பத்திரமாகக் கடந்தாக வேண்டும். லோடிங் டாக் என்ற மேடை, அதில் பதிக்கப்படும் லெவலர், பம்பர், ஷெல்டர், வண்டியைப் பிடித்து நிறுத்தும் பூட்டு எல்லாமே இந்த ஒரு சிக்கலைச் சமாளிக்க உருவானவை.

மூட்டை முதுகில் போன காலத்தில் ஒரு கனத்த பலகையே போதுமாக இருந்தது. படியானாலும் சரிவானாலும் மனிதக் கால் அதற்கேற்பச் சுதாரித்துக்கொள்ளும். சக்கரத்துக்கு அந்தப் புத்தி கிடையாது. இரண்டாம் உலகப் போரையொட்டிப் பேலட்டும் ஃபோர்க்லிஃப்டும் பரவிய பிறகுதான் இந்த விளிம்பு பொறியாளர்களின் கவனத்துக்கு வந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1953-ல் தொடங்கிய கெல்லி நிறுவனம் லெவலரைத் தனித் தொழிலாகவே வளர்த்தது. இந்தியாவில் மத்தியக் கிடங்குக் கழகம் 1957-லும் தமிழ்நாடு கிடங்குக் கழகம் 1958-லும் வந்தன. அந்தக் காலத்துக் குடோன்களிலும் உயர்ந்த மேடை உண்டு. ஈரம் ஏறாமல் தானியத்தைக் காப்பதே அதன் முதல் வேலை. லாரியோடு ஒட்டி நிற்பது கூடுதல் வசதி.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் கணக்கு மாறியது. வரிக்காக மாநிலத்துக்கு ஒரு டிப்போ வைத்திருந்த கம்பெனிகள் அவற்றை மூடிவிட்டுச் சில பெரிய கிடங்குகளுக்கு மாறத் தொடங்கின. அதே ஆண்டு நவம்பரில் சரக்குப் போக்குவரத்துத் துறைக்கு உள்கட்டமைப்புத் தகுதியும் கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செங்குன்றம், ஓசூர் பக்கங்களில் வரிசையாக டாக் கதவுகள் கொண்ட நீண்ட கட்டடங்கள் பெருகின. அந்தக் கதவுகளுக்கு வரும் வண்டிகள் மட்டும் ஒரே மாதிரி ஆகவில்லை. துறைமுகத்திலிருந்து வரும் 40 அடி கன்டெய்னர் டிரெய்லர், மூடிய பாடி லாரி, மரப் பலகை அடித்த திறந்த பாடியோடு பன்னிரண்டு சக்கர வண்டி, ஊருக்குள் கடைகளுக்கு ஓடும் டாட்டா ஏஸ் ஆகிய எல்லாமே ஒரே நாளில் ஒரே கிடங்கின் வாசலில் நிற்கும்.

ஆகவே எந்தக் கருவி வாங்கலாம் என்று பார்ப்பவர் விலைப்பட்டியலைப் பிரிக்கும் முன் காவலாளியின் கேட் ரிஜிஸ்டரைப் பிரிப்பது நல்லது. எந்த ரக வண்டி எத்தனை வருகிறது, எந்த நேரத்தில் நெரிசல், பேலட்டா தனித்தனிப் பெட்டியா, பின்பக்கம் திறக்கிறதா பக்கவாட்டிலா என்பதெல்லாம் அதிலும், அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் சூப்பர்வைசரிடமும் கிடைக்கும். பிறகு ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு, வரும் வண்டிகளின் தள உயரத்தைப் பாரத்தோடு ஒரு முறையும் காலியாக ஒரு முறையும் அளக்க வேண்டும். மாதக் கடைசி நெரிசலையும் சேர்த்து அளப்பது முக்கியம். இந்த வேலையைச் செய்யாமல் வாங்கிய லெவலர் எவ்வளவு உயர்ந்த ரகமானாலும் பாதி வண்டிகளுக்குப் பயன்படாமல் போகலாம்.

மேடையின் உயரம் முதலில் முடிவாக வேண்டியது, ஏனென்றால் கான்கிரீட் போட்டபின் அதை மாற்ற முடியாது. பெரிய லாரிகள் வரும் கிடங்குகளில் உலகெங்கும் ஏறத்தாழ 1.2 மீட்டர், அதாவது நாலு அடி என்பதுதான் வழக்கம். இது பல வண்டிகளின் நடு உயரம். கன்டெய்னர் டிரெய்லரின் தளம் இதைவிட உயர்ந்தும், நடுத்தர வண்டிகளின் தளம் இதைவிடத் தாழ்ந்தும் இருக்கும். மீதி வித்தியாசத்தை லெவலர் ஏற்றுக்கொள்கிறது.

லெவலர் என்பது மேடையில் வெட்டிய குழிக்குள் உட்காரும் எஃகுத் தட்டு. பின்பக்கம் கீலில் மாட்டியிருக்க, முன்பக்கம் ஏறி இறங்கும். முனையில் உதடு போல மடிந்து விரியும் ஒரு துண்டு லாரித் தளத்தின் மேல் படிந்துகொள்ளும். இதை லிப் என்கிறார்கள். தட்டு நீளமாக இருந்தால் சரிவு குறையும், குட்டையாக இருந்தால் கூடும். அளவைத் தீர்மானிப்பது இந்தச் சரிவுதான். ஐரோப்பாவின் இ.என். 1398 தரநிலை லெவலரின் சரிவுக்கு 12.5 சதவீதத்தை வரம்பாக வைக்கிறது. நடைமுறையில் அதன் மேல் ஓடப்போகும் வண்டியைப் பொறுத்து இந்த அளவு மாறும். கையால் இழுக்கும் ஹேண்ட் பேலட்டுக்கு 3, பேட்டரி பேலட் டிரக்குக்கு 7, பேட்டரி ஃபோர்க்லிஃப்டுக்கு 10, டீசல் அல்லது எரிவாயு ஃபோர்க்லிஃப்டுக்கு 15 சதவீதம் என்பது இத்துறையில் புழங்கும் கைக்கணக்கு.

மேடை 1.2 மீட்டர், வந்து நிற்கும் டிரெய்லரின் தளம் 1.4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 20 செ.மீ. பேட்டரி ஃபோர்க்லிஃப்டுக்கு 10 சதவீதச் சரிவுதான் ஆகும் என்றால் லெவலர் குறைந்தது 2 மீட்டர் நீளம் வேண்டும். அதே வாசலில் ஹேண்ட் பேலட்டை வைத்து வேலை நடந்தால் கணக்கு ஆறு மீட்டரைத் தாண்டிவிடும். அவ்வளவு நீளத்தில் லெவலர் வைப்பது நடக்கிற காரியமில்லை. முக்கால் டன் பேலட்டை இரண்டு பேர் மூச்சு வாங்கத் தள்ளி ஏற்றுவதும், இறக்கத்தில் அது அவர்களை இழுத்துக்கொண்டு ஓடுவதும் இந்தக் கணக்கை யாரும் போடாததன் விளைவு. லெவலருக்குச் செலவழித்துவிட்டு அதன் மேல் ஓடும் வண்டியில் மிச்சம் பிடிப்பது தவறான சிக்கனம்.

குட்டி யானை என்று ஊரில் அழைக்கப்படும் சிறு வண்டிகள் தனிப் பிரச்சினை. தளம் 75 செ.மீ. உயரத்தில் இருக்கும் வண்டி 1.2 மீட்டர் மேடையில் வந்து நின்றால் 45 செ.மீ. கீழே இறங்க வேண்டும். 12.5 சதவீதத்தில் இதற்கு 3.6 மீட்டர் லெவலர் தேவை. வழக்கமான லெவலர் மேடை மட்டத்துக்குக் கீழே 30 செ.மீ. அளவுக்குத்தான் இறங்கும் என்பதால் நீளத்தைக் கூட்டியும் பயனில்லை. ஒன்றிரண்டு கதவுகளை மட்டும் தாழ்ந்த மேடையாகக் கட்டிவிடுவது ஒரு வழி. கத்தரிக்கோல் கால்களில் ஏறி இறங்கும் ஹைட்ராலிக் மேசை வைப்பது இன்னொரு வழி. மேசை தரைமட்டம் வரை இறங்குவதால் எந்த உயரத்துக்கும் ஒத்துப்போகும். ஆனால் வேலை மெதுவாக நடக்கும். சிறு வண்டிகள் நாளைக்குப் பத்துப் பன்னிரண்டுதான் என்றால் மேசை போதும், நூறு என்றால் தாழ்ந்த மேடைதான்.

லெவலரில் மூன்று வகை பரவலானவை. ஸ்பிரிங் விசையில் இயங்கும் இயந்திர லெவலரில் தரையிலுள்ள வளையத்தைப் பிடித்து இழுத்தால் தட்டு எழும், அதன் மேல் ஆள் நடந்து போனால் இறங்கும். மின்சாரம் வேண்டாம், விலை குறைவு. ஆனால் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை அவ்வப்போது சரிசெய்யாவிட்டால் இழுப்பவரின் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஹைட்ராலிக் லெவலரில் ஒரு பொத்தான்தான். மோட்டார் எண்ணெயை அழுத்தித் தட்டைத் தூக்கும். வேலை மிகுந்த கதவுகளுக்கு இதுவே ஏற்றது. மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டர் இணைப்பு இல்லையென்றால் அது வெறும் இரும்புத் தகடு என்பதை மட்டும் மறக்கக்கூடாது. மூன்றாவது, தட்டுக்கு அடியில் காற்றுப்பையை ஊதி எழுப்பும் வகை. இவை தவிர, உயர வித்தியாசம் சில அங்குலம்தான் இருக்கும் இடங்களில் மேடை விளிம்பிலேயே திருகி மாட்டும் சின்ன லெவலர் போதும்.

லிப்பிலும் தேர்வு உண்டு. கீலில் மடிந்து விரியும் சாதாரண லிப் 40 முதல் 50 செ.மீ. நீளும். இழுப்பறை போல உள்ளிருந்து நீண்டு வரும் டெலஸ்கோப்பிக் லிப் ஒரு மீட்டர் வரை எட்டும், வேண்டிய அளவில் நிறுத்தவும் முடியும். நம் ஊர்த் திறந்த பாடி லாரிகளில் பின்கதவைக் கீழ்நோக்கி இறக்கினால் அது தொங்கிக்கொண்டு வண்டியை மேடையோடு ஒட்டவிடாது. அப்படிப்பட்ட வண்டிகள் அதிகம் வருகிற வாசலில் நீளும் லிப் தன் கூடுதல் விலையை நியாயப்படுத்திவிடும்.

தாங்குதிறன் பற்றிய பேச்சில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். பேலட் ஒரு டன்தானே, 6 டன் லெவலர் எதற்கு என்று கேட்பார்கள். இரண்டரை டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்டின் சொந்த எடையே கிட்டத்தட்ட 4 டன். சரக்கைத் தூக்கியதும் மொத்தப் பாரத்தின் பெரும்பகுதி முன் சக்கரங்கள் இரண்டிலும் குவிகிறது, அதுவும் ஓட்டத்தில், லிப்பின் மேட்டில் மோதி ஏறும்போது. 6 டன் ரகம் பொதுவானது. இரண்டு ஷிஃப்ட்டும் ஓயாமல் ஓடும் கதவுக்கு இன்னும் கனமான ரகம் எடுப்பது தட்டு உடைந்துவிடும் என்ற பயத்தால் அல்ல, கீல்களிலும் வெல்டுகளிலும் களைப்பு விரிசல் சீக்கிரம் வராமலிருக்கத்தான்.

பம்பர் என்பது மேடை முகப்பில் திருகிய ரப்பர்க் கட்டை. வாங்குவதில் மிக மலிவானது இதுதான், அதனாலேயே கவனிப்பாரற்றுப் போவதும் இதுதான். கிளீனர் பாடியைத் தட்டித் தட்டி ‘வரட்டும், வரட்டும்’ என்று சொல்ல, முப்பது டன் வண்டி நடை வேகத்தில் வந்து இடித்தாலும் அந்த வேகம் முழுவதும் இந்த ரப்பரில்தான் இறங்க வேண்டும். ரப்பர் தேய்ந்து போல்ட் தலை வெளியே தெரிந்தால் அடுத்த இடி லெவலர் சட்டத்துக்கும் கான்கிரீட் விளிம்புக்கும் போகும். பம்பர் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்க வேண்டும் என்பது முற்றத்தின் சரிவைப் பொறுத்தது. முற்றம் கட்டடத்தை நோக்கிச் சரிந்திருந்தால் பின்வாங்கி நிற்கும் வண்டியின் மேல்பாகம் சுவரை நோக்கிச் சாயும். 4 மீட்டர் உயர வண்டியின் உச்சி 1.2 மீட்டர் மேடைக்கு மேல் 2.8 மீட்டர் இருக்கிறது. 3 சதவீதச் சரிவில் அந்த உச்சி எட்டு செ.மீ.க்கு மேல் முன்னால் வந்துவிடும். பம்பர் அதைவிடத் தடிப்பாக இல்லையென்றால் கதவுக்கு மேலுள்ள தகட்டில் வரிசையாக நெளிவுகள் விழும். புதிய கிடங்குகளில்கூட இந்த நெளிவுகளைப் பார்க்க முடிகிறது.

முற்றத்தின் ஆழத்துக்கு வண்டி நீளத்தைப்போல் இரண்டு மடங்கு என்ற எளிய கணக்கு உண்டு. 18 மீட்டர் டிரெய்லர் வளைந்து பின்வாங்க 36 மீட்டராவது திறந்த இடம் வேண்டும். கதவுக்குக் கதவு மையத்திலிருந்து மையம் வரை 3.6 முதல் 4 மீட்டர் விடுவார்கள். வளாகத்துக்குள் வண்டிகள் சுற்றும் திசையும் இதோடு சேர்ந்தது. வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள நாட்டில் கட்டடம் ஓட்டுநரின் வலப்புறம் வரும்படி, கடிகார முள் போகும் திசையில் சுற்றினால்தான் பின்வாங்கும்போது டிரெய்லரின் முனையை அவர் தன் ஜன்னலிலிருந்தே பார்க்க முடியும். இடப்பக்க ஸ்டியரிங் உள்ள அமெரிக்காவின் வரைபடத்தை அப்படியே நகலெடுத்தால் அத்தனை வண்டிகளும் குருட்டுப் பக்கமாகப் பின்வாங்க நேரும்.

எத்தனை கதவு வேண்டும் என்பதற்கு நெரிசல் நேரத்தில் மணிக்கு வரும் வண்டிகளை ஒரு வண்டி கதவில் நிற்கும் நேரத்தால் பெருக்கினால் போதும். மணிக்கு 6 வண்டி, பேலட் சரக்கு, 40 நிமிடத்தில் வேலை முடிகிறது என்றால் 4 கதவு. அதே 6 வண்டியில் தனித்தனிப் பெட்டிகளாக வந்து இறக்க 3 மணி நேரம் ஆனால் 18 கதவு. கட்டடத்தை நீட்டுவதற்கு முன் சரக்கு வரும் முறையை மாற்ற முடியுமா என்று கேட்பது செலவு குறைந்த வழி.

மாற்ற முடியாத இடங்களும் உண்டு. டயர், அரிசி மூட்டை, கூரியர் பொட்டலம் ஆகியவை பெரும்பாலும் பேலட் இல்லாமல்தான் வரும். அங்கே லாரிக்குள் முனை வரை நீண்டு போகும் டெலஸ்கோப்பிக் பெல்ட் கன்வேயர்தான் உண்மையான டாக் கருவி. லோடுமேன் எடுத்து வைத்த இடத்திலிருந்தே சரக்கு நகர்ந்துவிடும். மேடையே இல்லாத தரைமட்டக் குடோன்களில் சக்கரம் வைத்த இரும்புச் சாய்தளத்தைக் கன்டெய்னர் வாயில் கொண்டுபோய்ச் சங்கிலியால் பிணைப்பார்கள். ஒன்றரை மீட்டர் உயரத்தைப் பத்து மீட்டர் ஓட்டத்தில் ஏறுவதென்றால் 15 சதவீதச் சரிவு. டீசல் ஃபோர்க்லிஃப்டுக்கே அது எல்லை. மழையில் நனைந்தால் அந்த எல்லையும் சுருங்கும்.

கதவைச் சுற்றி அடைக்கும் கருவிகள் இரண்டு. லாரியின் பின்விளிம்பு நேரே அழுத்திப் பதியும் நுரைப் பஞ்சு மெத்தை ஒன்று, வண்டியின் பக்கங்களைத் தழுவி நிற்கும் திரைச்சீலை ஷெல்டர் இன்னொன்று. மெத்தை நன்றாக அடைக்கும், ஆனால் எல்லா வண்டியும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்க வேண்டும். பலவித வண்டிகளுக்கு ஷெல்டர்தான் பொருந்தும். சாதாரணக் கிடங்குக்கு இது மழையும் தூசும் தடுக்கும் வசதி மட்டுமே. உறைநிலைக் கிடங்கில் இது உயிர்நாடி. சென்னை போன்ற கடற்கரை ஊரின் ஈரக்காற்று மைனஸ் 18 டிகிரி அறையின் வாசலைத் தொட்டால் உடனே பனியாகப் படியும். தரை வழுக்கும், கதவு இறுகும். ஆகையால் அங்கே வண்டி நின்றபின் காற்று ஊதி விரியும் ஷெல்டரும், வேலையில்லாதபோது செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் லெவலரும் வைக்கிறார்கள். லெவலர் நிமிர்ந்துவிட்டால் காப்புக் கதவு நேராகத் தரையில் இறங்கி மூடும். தட்டின் இடுக்கு வழியே சூடு நுழையாது.

கருவியை இயக்குவதில் வரிசை தவறக்கூடாது. கன்டெய்னரின் கதவுகளை முற்றத்திலேயே திறந்து பக்கவாட்டில் கொக்கி மாட்டிவிட்டு வண்டி பின்வாங்க வேண்டும். பம்பரில் தொட்டதும் எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு அடைகட்டை வைத்து, சாவியை டாக் சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட வேண்டும். அதன்பிறகே கிடங்குக் கதவு திறக்கலாம். ஹைட்ராலிக் லெவலரின் பொத்தானை அழுத்திப் பிடித்தால் தட்டு முழு உயரத்துக்கு எழும், உச்சியில் லிப் விரியும். விரலை எடுத்ததும் தட்டு மெல்ல இறங்கி லிப் லாரித் தளத்தில் படியும். குறைந்தது 10 செ.மீ. உள்ளே படிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது கட்டாயம். விளிம்பில் தொட்டும் தொடாமலும் நிற்கும் லிப் முதல் பேலட்டிலேயே நழுவலாம். படிந்தபின் பொத்தானுக்கு வேலையில்லை. தட்டு மிதந்தபடி லாரித் தளத்தோடு தானே ஏறி இறங்கும். வேலை முடிந்ததும் தட்டைத் தூக்கி, லிப்பை மடக்கி, மேடை மட்டத்தில் அதன் தாங்கியில் உட்காரவைத்துக் கதவை மூடிய பிறகுதான் சாவி ஓட்டுநர் கைக்குப் போக வேண்டும்.

இந்த வரிசை ஏன் என்பது விபத்துகளைப் பார்த்தால் புரியும். மிக மோசமானது, ஃபோர்க்லிஃப்ட் உள்ளே இருக்கும்போதே லாரி கிளம்பிவிடுவது. லோடு முடிந்தது என்று யாரோ சொன்னதாக நினைத்து ஓட்டுநர் கியர் போடுவார். பின்னால் நாலு டன் வண்டி நாலு அடி பள்ளத்தில் விழும். இன்னொன்று கண்ணுக்கே தெரியாமல் நடப்பது. ஃபோர்க்லிஃப்ட் ஒவ்வொரு முறை உள்ளே போய் பிரேக் போடும்போதும் லாரி ஒரு நூல் அளவு முன்னால் நகரும். முப்பது நாற்பது முறைக்குப் பிறகு லிப்பின் பிடி கரைந்துபோயிருக்கும். இழுவை வண்டியைக் கழற்றிவிட்டு டிரெய்லரை மட்டும் நிறுத்தியிருந்தால் அதன் முன்கால்கள் மடங்கி மூக்கு குத்தும் அபாயமும் சேரும்.

அடைகட்டை இதற்கு முதல் காப்பு. அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதிகள் பிரேக்கோடு கட்டையையும் கேட்கின்றன. கையில் கிடைத்த கல்லை வைப்பது கட்டை வைத்ததாகாது. அதைவிட உறுதியானது வண்டிப் பூட்டு. மேடையின் கீழே பதித்த கொக்கி எழுந்து லாரியின் பின்புறத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் வரும் கார் லாரிக்கு அடியில் நுழைந்துவிடாமல் தடுப்பதற்காக வந்த கம்பி அது. இந்தியாவிலும் சட்டப்படி அது இருக்க வேண்டும், தரநிலை எண் ஐ.எஸ். 14812. நடைமுறையில் வளைந்ததும் உடைந்து கயிற்றால் கட்டியதும் தாராளமாகத் தென்படுகிறது. வெளியார் வண்டிகள் அதிகம் வரும் கிடங்கு கொக்கியை நம்புவதைவிடச் சக்கரத்தையே பிடிக்கும் பூட்டை, அல்லது சென்சார் வைத்த அடைகட்டையைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

பூட்டோடு விளக்கு சேர்ந்து வரும். வெளியே ஓட்டுநருக்குச் சிவப்பு எரியும்போது உள்ளே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்குப் பச்சை; வெளியே பச்சை என்றால் உள்ளே சிவப்பு. பூட்டு விழாமல் லெவலர் எழாது, லெவலர் மடங்காமல் பூட்டு விடாது என்று மூன்றையும் மின்னிணைப்பில் கோத்துவிட்டால் மொழி தெரியாத ஓட்டுநரும் தவறு செய்ய வழியில்லை. பஞ்சாப், பீகார், ஆந்திரா என்று எங்கிருந்தோ வரும் வண்டிகளுக்குத் தமிழ்ப் பலகை உதவாது, விளக்கு உதவும். பிடி கழன்று லாரி நகர்ந்தேவிட்டால் லெவலரின் உள்ளே இருக்கும் வால்வு எண்ணெய் ஓட்டத்தை அடைத்துத் தட்டை அந்தரத்தில் நிறுத்தும். இயந்திர வகையில் அதே வேலையைத் தாங்கு கால்கள் செய்கின்றன. வாங்கும்போது இவற்றை இயக்கிக் காட்டச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

பராமரிப்பில் செய்ய வேண்டியது அதிகமில்லை, ஆனால் ஆபத்து அதில்தான் ஒளிந்திருக்கிறது. தினமும் காலையில் தட்டை ஒரு முறை காலியாக ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். கீலுக்கு கிரீஸ், ஹைட்ராலிக் குழாயில் கசிவு, வெல்டில் விரிசல், பக்கவாட்டில் கால் நுழையாமல் தடுக்கும் தகடு ஆகியவற்றை முறை வைத்துப் பார்த்துவரலாம். குழிக்குள் பேலட்டின் உடைந்த மரத்துண்டும், ஸ்ட்ராப்பிங் பட்டையும், பிளாஸ்டிக் உறையும் சேர்ந்துகொண்டே இருக்கும். சேர்ந்தால் தட்டு முழுதாக இறங்காது. அதை எடுக்க ஆள் உள்ளே குனிவதற்கு முன் தட்டுக்கு அடியில் லெவலரோடு வரும் தாங்குகம்பியை நிறுத்திப் பூட்டி, மின்சாரத்தைத் துண்டித்துச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஃபோர்க்லிஃப்டின் முள்ளைத் தட்டுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே இறங்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. வேலை முடிந்தது என்று நினைத்து யாராவது முள்ளை இறக்கினால் தப்பிக்க இடமில்லை. தமிழகத்தின் கிழக்குக் கரையில் குழிக்கு வடிகால் குழாய் விடுவதும், ஐப்பசி மழைக்கு முன் அதன் வாயில் அடைத்திருக்கும் மண்ணைத் தோண்டி எடுப்பதும் பராமரிப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டியவை. தண்ணீர் தேங்கினால் முதலில் போவது மோட்டார், அடுத்தது கீலின் அடிப்பக்கம்.